இடும்பன் இறக்கி வைச்ச மலை: எந்த ஆசையைச் சுமக்கணும், எதை இறக்கணும்?



போன வாரம் ராத்திரி ஒரு மணிக்கு ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தான். "அண்ணா, மூணாவது தடவையும் குரூப் 4 போச்சு. 48 நாள் விடாம வேல் மாறல் படிச்சேன். செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தேன். வீட்ல வேற வேலை பாருன்னு சொல்றாங்க. எனக்கும் சில நேரம் அப்படித்தான் தோணுது. ஆனா இப்ப விட்டுட்டா, முருகன் மேல எனக்கு நம்பிக்கை இல்லைன்னு ஆயிடாதா?"

"சாப்பிட்டியா? முதல்ல தூங்கு, காலைல பேசலாம்"னு பதில் போட்டேன். அவன் தூங்கினானோ இல்லையோ, நான் தூங்கலை. அந்தக் கடைசி வரியை நானும் அஞ்சு வருஷம் வயித்துல வைச்சுக்கிட்டுத் திரிஞ்சவன். "முருகன் பார்த்துப்பான் தம்பி"ன்னு ஒரு வரியில முடிச்சிருக்கலாம். நம்ம குரூப்ல தினமும் நாலு பேருக்கு நாம அனுப்பற பதில் அதுதான். ஆனா இவனுக்கு அது போதாதுன்னு தோணுச்சு. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். ஒரு டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

ஒட்டன்சத்திரத்துல திறந்த பை

2025 தைப்பூசத்துக்குத் திண்டுக்கல்ல இருந்து பழனிக்கு நடந்தேன். சுமார் 60 கிலோமீட்டர். எனக்கு அது முதல் பாதயாத்திரை. எங்க குழுவோட குருசாமி ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், முப்பது வருஷத்துக்கு மேல நடக்கறவர். நான் ஐ.டி.காரன் இல்லையா, கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எக்செல்ல லிஸ்ட் போட்டு பை ரெடி பண்ணினேன். வீட்டுத் தராசுல வைச்சுப் பார்த்தா 9 கிலோ. மூணு செட் துணி, ரெண்டு துண்டு, போர்வை, குடை, பவர் பேங்க் ரெண்டு, ஒரு சின்ன மெடிக்கல் ஷாப். எல்லாத்துக்கும் அடியில ஆபீஸ் லேப்டாப்.

ரெட்டியார்சத்திரம் தாண்டறப்பவே தோள்பட்டை எரிய ஆரம்பிச்சுது. ஒட்டன்சத்திரம் வந்து சேர்ந்தப்ப ரெண்டு கால்லயும் கொப்புளம். ஒரு அன்னதானப் பந்தல் ஓரமா உட்கார்ந்து ஷூவைக் கழட்டிட்டு இருந்தேன். (ஆமா, ஷூ. சிரிக்காதீங்க.) குருசாமி வந்து பக்கத்துல உட்கார்ந்தார். "சாமி, பையைத் திறங்க"ன்னார்.

ஒவ்வொரு பொருளா எடுத்து வெளியில வைச்சார். ஒவ்வொண்ணுக்கும் ஒரே கேள்வி. "சாமி, இது நடக்கறதுக்கா, பூஜைக்கா, பயத்துக்கா?"

துண்டு ஒண்ணு நடக்கறதுக்கு. விபூதிப் பையும் அர்ச்சனை சாமானும் பூஜைக்கு. மிச்சமெல்லாம்? மழை வந்தா என்ன பண்றதுன்னு குடை. தை மாசத்துல. சார்ஜ் போயிட்டா என்ன பண்றதுன்னு ரெண்டாவது பவர் பேங்க். மேனேஜர் கூப்பிட்டா என்ன பண்றதுன்னு லேப்டாப். நான் லீவு சொல்லிட்டுத்தான் வந்திருந்தேன். 9 கிலோவுல 6 கிலோவுக்கு மேல பயம்.

அதையெல்லாம் குழுவோட வர்ற வண்டியில ஏத்தி விட்டுட்டு, ஒரு மஞ்சப்பையோட மீதி தூரம் நடந்தேன். விருப்பாச்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி. கால் வலி குறையவே இல்லை. ஆனா தலையை நிமிர்த்தி நடக்க முடிஞ்சுது. ஆயக்குடி கொய்யாத் தோப்பு ஓரத்துல விடியக்காலைல மலை தெரிஞ்சப்ப அழுதுட்டேன். அந்த அழுகைக்குக் காரணம் பக்தி மட்டும் இல்லை, அதைப் பின்னாடி சொல்றேன்.

இடும்பன் கதையில நாம கவனிக்காத இடம்

பழனி மலை ஏறினவங்களுக்குத் தெரியும், படி வழியில பாதியிலேயே இடும்பன் சந்நிதி வந்துடும். அவரைக் கும்பிட்டுட்டுத்தான் மேல போகணும்னு பெரியவங்க சொல்வாங்க. கதையும் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கயிலாயத்துல கிடைச்ச சிவகிரி, சக்திகிரின்னு ரெண்டு மலையைத் தெற்கே கொண்டு வரச் சொல்லி அகத்தியர் இடும்பனை அனுப்பறார். ரெண்டு மலையையும் காவடியாக் கட்டித் தோள்ல தூக்கிட்டு இடும்பன் வர்றார். திருவாவினன்குடி கிட்ட வந்ததும் கொஞ்சம் இளைப்பாறலாம்னு இறக்கி வைக்கிறார். திரும்பத் தூக்கினா அசையவே மாட்டேங்குது. மேல பார்த்தா கோவணம் கட்டி, கையில தண்டத்தோட ஒரு பையன் நிக்கிறான். "இது என் மலை"ங்கிறான். சண்டை வருது. இடும்பன் சாயறார். இடும்பியும் அகத்தியரும் வேண்டிக்க, முருகன் உயிர் கொடுத்து, அவரையே தன் மலைக்குக் காவலா நிறுத்தி வைக்கிறார். காவடி எடுக்கற வழக்கம் அங்கேருந்துதான் வந்ததுன்னு தல புராணம்.

இந்தக் கதையைச் சின்ன வயசுலேருந்து கேட்டிருக்கேன். ஆனா ஒட்டன்சத்திரத்துக்கு அப்புறம் நடந்துக்கிட்டே யோசிச்சப்பதான் ஒண்ணு உறைச்சுது. இடும்பனுக்குக் கொடுத்த வேலை முடியவே இல்லை! மலை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகலை. எங்க ஆபீஸ் கணக்குல பார்த்தா அது 'டெலிவரி ஃபெயில்டு'. அந்த டெலிவரி ஆகாத மலை மேலதான் இன்னைக்கு நம்ம தண்டாயுதபாணி நிக்கிறான். சிவகிரிதான் பழனி மலை. எதிர்ல நிக்கிற இடும்பன் மலை சக்திகிரி.

இன்னொண்ணும் கவனிங்க. இது என் புரிதல்தான், தப்பா இருந்தா பெரியவங்க மன்னிக்கணும். இறக்கி வைச்சதுக்காக இடும்பனை முருகன் அடிக்கலை. இறக்கி வைச்சப்ப எதுவுமே நடக்கலை. அசையாத மலையைத் தூக்கியே தீருவேன்னு மல்லுக்கட்டினப்பதான் அடி விழுந்துச்சு.

என் தோள்ல இருந்த மலை

இப்ப என் கதை. எழுதறதுக்குக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

எனக்கு அமெரிக்கா போய் எம்.எஸ். படிக்கணும். காலேஜ் மூணாவது வருஷத்துலேருந்து அந்த ஆசை. 2020-ல கொரோனா நேரத்துல வீட்டுலேருந்தே ஜி.ஆர்.ஈ. எழுதினேன். நல்ல ஸ்கோர். ரெண்டு யுனிவர்சிட்டில இடமும் கிடைச்சுது. 2021-ல அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். சேர்றதைத் தள்ளி வைச்சேன். 2022-ல பேங்க்ல 35 லட்சம் லோன் கேட்டேன், அடமானம் வேணும்னாங்க. எங்ககிட்ட இருக்கறது ஊர்ல ஒன்றரை ஏக்கர்.

அம்மா தயங்கினாங்க. "முருகன்கிட்ட பூ கட்டிப் பார்த்துட்டு வா, அவன் சொன்னா கொடுத்துடலாம்"னாங்க. ஊர்க் கோயிலுக்கு நான் மட்டும் போனேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியா மடிச்சு வைச்சு, கண்ணை மூடி ஒண்ணை எடுத்தேன். சிவப்பு. "மனசு ஒருமுகப்படலை"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு இன்னொரு தடவை எடுத்தேன். சிவப்பு. மூணாவது தடவை வெள்ளை வந்துச்சு. நேரா வீட்டுக்குப் போய், "வெள்ளைப் பூ வந்துருச்சும்மா"ன்னேன்.

முந்தின ரெண்டு சிவப்பைப் பத்தி வாயே திறக்கலை. அம்மா அன்னைக்குப் பாயசம் வைச்சாங்க. அடுத்த வாரமே பத்திரத்தை எடுத்துட்டுப் போய் எழுத்தர்கிட்ட பேசிட்டும் வந்துட்டாங்க.

எனக்குக் கை நடுங்குச்சு. "இந்த வருஷம் வேணாம்மா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னு நானே தள்ளிப்போட்டேன். 2023-ல அங்க பெரிய பெரிய கம்பெனிகளே ஆளைக் குறைச்சாங்க, மறுபடியும் தள்ளிப்போட்டேன். 2024-லயும் அதே கதை. போகவும் இல்லை, விடவும் இல்லை. ஜி.ஆர்.ஈ. ஸ்கோர் 5 வருஷம்தான் செல்லும். 2025-ல அதுவும் முடியப்போகுது. அந்த நிலைமையிலதான் பாதயாத்திரைக்குக் கிளம்பினேன்.

அஞ்சு வருஷம் அந்த ஆசையைத் தோள்ல வைச்சிருந்ததுக்கு நான் கொடுத்த விலை பரீட்சை ஃபீஸ் இல்லை. "எப்படியும் போயிடுவோம்ல"ன்னு ஆபீஸ்ல டீம் லீட் பொறுப்பு வந்தப்ப வேண்டாம்னேன். சென்னையில ஒரு நல்ல கட்டில்கூட வாங்கலை. பொண்ணு பார்க்கலாமான்னு அப்பா கேட்டப்பல்லாம் "படிச்சுட்டு வந்து"ன்னேன். தினமும் ராத்திரி பதினோரு டெலிகிராம் சேனல்ல விசா நியூஸ் படிப்பேன். படிக்கறதுக்குப் பதிலா, படிக்கப் போறதைப் பத்திப் படிச்சுட்டு இருந்தேன்.

பாம்பன் சுவாமிகளும் பழனியும்

பூ விஷயம் மனசுல முள்ளா இருந்தப்பதான் பாம்பன் சுவாமிகள் வரலாற்றை மறுபடி படிச்சேன். சண்முக கவசம் தினமும் சொல்றவங்க நம்ம குரூப்ல நிறைய பேர் இருக்கீங்க. 1891-ல அதை அருளினவர் வாழ்க்கையில இப்படி ஒரு சம்பவம் இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

சுவாமிகளுக்குப் பழனிக்குப் போய்த் துறவு வாங்கிக்கணும்னு தீராத ஆசை. கிளம்பறதா நண்பர்கிட்ட சொல்றார். முருகன் உத்தரவு கிடைச்சுதான்னு நண்பர் கேட்கிறார். ஆச்சுன்னு சொல்லிடறார் சுவாமிகள். உத்தரவு எதுவும் வரலை, ஆசை மட்டும்தான் இருந்துச்சு. அன்னைக்கே முருகன் கோபமான முகத்தோட காட்சி கொடுத்து, விரலை நீட்டி எச்சரிக்கிறார். இனிமே நீயா உத்தரவு கொடுக்கிற வரைக்கும் பழனிக்கு வரமாட்டேன்னு சுவாமிகள் வாக்குக் கொடுக்கிறார். 1929-ல சமாதி அடையற வரைக்கும் அந்த உத்தரவு வரவே இல்லை. முருகனையே மூச்சா வைச்சிருந்த மகான், கடைசி வரைக்கும் பழனிக்குப் போகலை.

இதைப் படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. அவர் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. நான் ரெண்டு சிவப்புப் பூவை மறைச்சவன்.

ஆனா இதை வைச்சு, "பார்த்தியா, ஆசையே படக்கூடாது"ன்னு முடிவு கட்டிடாதீங்க. இதே சுவாமிகள்தான் பிரப்பன்வலசை சுடுகாட்டுல குழி வெட்டி, அதுல உட்கார்ந்து 35 நாள் தியானம் பண்ணி முருகன் தரிசனம் வாங்கினவர். எந்தப் பயத்துக்கும் அசையலை. அங்க அவர் விட்டிருந்தா நமக்கு அந்த மகான் கிடைச்சிருக்க மாட்டார். ஒரே மனுஷர், ஒரு ஆசையை உடும்புப் பிடியாப் பிடிச்சார், இன்னொண்ணை அப்படியே கீழ வைச்சார். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு ரொம்ப நாள் யோசிச்சேன். எனக்குப் பட்டதைச் சொல்றேன். பிரப்பன்வலசையில அவர் தன் உடம்பையும் நேரத்தையும் வைச்சார். குழியில உட்கார்ந்தது அவர்தான். பழனி விஷயத்துல முருகன் வாயில தன்னோட வார்த்தையை வைச்சார்.

நாமளும் இதைத்தான் செய்யறோம். "முருகன் எனக்கு இதைக் கொடுப்பான்"னு ஸ்டேட்டஸ் போடறோம். மயில் படம் மொபைல்ல வந்தா அனுமதின்னு எடுத்துக்கறோம். கோயில் மணி அடிச்சா உத்தரவு. நம்ம ஆசைக்கு அவன் கையெழுத்தை நாமளே போட்டுக்கறோம். அப்புறம் அதை விடணும்னு வந்தா, ஏதோ அவனையே விடற மாதிரி பதறுது. தம்பியோட ராத்திரி ஒரு மணிக் கேள்வி அங்கேருந்துதான் வருதுன்னு நினைக்கிறேன்.

சுவாமிகளுக்குப் பின்னாடி துறவும் வந்துச்சு. பழனி மட்டும்தான் வரலை. 1923 டிசம்பர்ல சென்னை தம்புச்செட்டித் தெருவுல குதிரை வண்டி ஏறி அவர் கால் எலும்பு முறிஞ்சுது. எழுபது வயசுக்கு மேல. பொது மருத்துவமனையில, இந்த வயசுல இனி சேராதுன்னு டாக்டர்கள் கைவிட்ட நிலை. பதினோராவது நாள் ரெண்டு மயில் ஆடற காட்சியும், பக்கத்துல குழந்தையா முருகனும்னு அவர் வரலாறு சொல்லுது. அதைத்தான் மயூரவாகன சேவனம்னு திருவான்மியூர்ல அவர் சமாதிக் கோயில்ல இன்னைக்கும் கொண்டாடறாங்க. பழனிக்கு வராதேன்னு சொன்னவன், ஆஸ்பத்திரி வார்டுக்குத் தானே தேடி வந்திருக்கான்.

ஆறு ஆசை, ரெண்டு கை

யாத்திரை முடிஞ்சு சென்னை வந்ததும் ஒரு ஞாயித்துக்கிழமை நோட்டு எடுத்து உட்கார்ந்தேன். அப்ப என் தலையில ஓடிட்டு இருந்த ஆசைகள் ஆறு. அமெரிக்கா எம்.எஸ்., சிவில் சர்வீஸ் (புஸ்தகம் வாங்கி அடுக்கினதோட சரி), சொந்தமா ஒரு ஆப், மிருதங்கம், பத்து கிலோமீட்டர் ஓட்டம், ஊர்ல அம்மாவுக்கு ஓட்டு வீட்டை மாத்தி மாடி வீடு. முருகனுக்கு ஆறு முகம், பன்னிரண்டு கை. அவனால முடியும். எனக்கு ரெண்டு கைதான், அதுலயும் ஒண்ணுல எப்பவும் மொபைல் இருக்கும்.

எங்க துறையில லிட்டில்ஸ் லான்னு ஒண்ணு இருக்கு. ஜான் லிட்டில்ங்கிறவர் 1961-ல கணக்காவே நிரூபிச்சது. ரொம்ப எளிமையா சொன்னா, ஒரு இடத்துல சராசரியா எத்தனை வேலை பாதியில நிக்குதோ, அதை ஒரு வருஷத்துக்கு எத்தனை முடியுதுங்கிறதால வகுத்தா, ஒரு வேலை முடிய எவ்வளவு காலம் ஆகும்னு வந்துடும். நான் கடுமையா உழைச்சா வருஷத்துக்கு ரெண்டு பெரிய விஷயம் முடிப்பேன்னு வைச்சுக்குங்க. கையில ரெண்டே ரெண்டு இருந்தா, ஒவ்வொண்ணும் சராசரியா ஒரு வருஷத்துல முடியும். ஆறு இருந்தா ஒவ்வொண்ணுக்கும் மூணு வருஷம். உழைப்பு அதே உழைப்புதான். நிஜத்துல இன்னும் மோசம், ஏன்னா ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குத் தாவறப்ப பாதி நேரம் பழசை ஞாபகப்படுத்திக்கறதுலயே போயிடும்.

ஒவ்வொரு ஆசைக்கும் எதிர்ல, கடைசி முப்பது நாள்ல அதுக்காக எத்தனை மணி நேரம் உழைச்சேன்னு எழுதினேன். நினைச்சது, வீடியோ பார்த்தது, பேசினது எதுவும் கணக்குல வராது. சிவில் சர்வீஸ் பூஜ்யம். ஆப் பூஜ்யம். மிருதங்கம் ஆறு மணி நேரம். ஓட்டம் நாலு. வீடு, என்ஜினியரைப் பார்த்தது, மதிப்பீடு போட்டதுன்னு ஒன்பது. எம்.எஸ். பூஜ்யம். பதினோரு சேனல் படிச்சும் பூஜ்யம்.

அப்புறம் குருசாமி கேள்வி. இது நடக்கறதுக்கா, பூஜைக்கா, பயத்துக்கா? எம்.எஸ். ஆசைக்குள்ள நோண்டிப் பார்த்தா ரெண்டு ஆள் உட்கார்ந்திருந்தாங்க. ஒருத்தனுக்கு உண்மையாவே படிக்கணும், கணக்கும் சிஸ்டம்ஸும் அவனுக்கு உயிர். இன்னொருத்தனுக்கு, கூடப் படிச்சவன் எல்லாம் பனியில நின்னு போட்டோ போடறப்ப தான் மட்டும் ஓ.எம்.ஆர்.ல நிக்கிறோமேன்னு பயம். ஒன்றரை ஏக்கரை அடமானம் கேட்டது ரெண்டாவது ஆள்தான். சூரபத்மன் மாமரமா நின்னப்ப வேல் அவனை ரெண்டாப் பிளந்துச்சு, அழிக்கலை. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். ஆசையையும் அப்படிப் பிளந்து பார்த்தா, வாகனமா வைச்சுக்க வேண்டிய பாதி எதுன்னு தெரிஞ்சுடுது.

எம்.எஸ்.ஸை விட்டேன். படிப்பை விடலை. இப்ப என்.பி.டி.இ.எல்.ல 12 வார கோர்ஸ் ஒண்ணு எடுத்திருக்கேன். ஐ.ஐ.டி. பேராசிரியர் பாடம், வகுப்பு இலவசம், பரீட்சைக்கு மட்டும் ஆயிரம் ரூபாய். சிவில் சர்வீஸ் புஸ்தகத்தை ஒரு பையனுக்குக் கொடுத்தேன். ஆப்புக்கு வாங்கின டொமைனைப் புதுப்பிக்கலை. ஓட்டத்தை வீட்டு வேலை முடியற வரைக்கும் தள்ளி வைச்சிருக்கேன். மிருதங்கத்தை விடச் சொல்லி லிட்டில்ஸ் லா சொல்லுது, விட மனசு வரலை. எல்லாக் கணக்கையும் கேட்கணும்னு இல்லையே.

சொல்லிட்டு விடறது

ஒரு ஆசையை மனசுக்குள்ள விட்டா அது போகாது. சொல்லி விடணும். யுனிவர்சிட்டிக்கு, இனிமே தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன், வரலைன்னு மெயில் போட்டேன். ரெண்டே வரி, எழுத ஒரு மணி நேரம் ஆச்சு. பதினோரு சேனல்லேருந்தும் வெளியில வந்தேன். அப்புறம் ஊருக்குப் போனேன். அம்மாகிட்ட சொல்லணுமே.

அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தாங்க. பூ விஷயத்தை முழுசா சொன்னேன். ரெண்டு சிவப்பையும் சேர்த்து. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "என்கிட்ட பொய் சொன்னது கூடப் பரவாயில்ல கண்ணு, அவன் பேரைச் சொல்லிச் சொல்லிட்டியே"ன்னாங்க. அது இன்னைக்கும் உறுத்துது. அப்புறம் வாளியைக் கீழ வைச்சுட்டு, "எனக்கு அந்த நிலத்தை எழுதிக் கொடுக்கவே இஷ்டமில்ல. முருகனே சொல்லிட்டான், நான் எப்படி வேணாம்னு சொல்றதுன்னு ரெண்டு வருஷமா ராத்திரித் தூக்கம் இல்ல"ன்னாங்க. என் பொய்யை என்னைவிட அவங்கதான் அதிகமா சுமந்திருக்காங்க.

இன்னொரு சிக்கலும் இருந்துச்சு. எம்.எஸ். முடிச்சு வந்தா பழனியில மொட்டை போடறேன்னு நேர்ந்திருந்தேன். இப்ப படிக்கவே போகலை, நேர்த்திக்கடன் என்ன ஆகும்? குருசாமிக்கு போன் பண்ணிக் கேட்டேன். "அவன் என்ன வட்டிக்கடையா வைச்சிருக்கான் சாமி, வந்தா பாருங்க, வராட்டி விடுங்க"ன்னு சிரிச்சார். நான் போய் மொட்டை போட்டுட்டுத்தான் வந்தேன். ஆபீஸ்ல "என்னப்பா வேண்டுதல் பலிச்சுதா?"ன்னு எல்லாரும் கேட்டாங்க. ஆமான்னேன்.

வலி போயிடுச்சான்னு கேட்டா, இல்லை. போன மாசம் கூடப் படிச்ச ஒருத்தன் பட்டமளிப்பு போட்டோ போட்டான். அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை. ஆயக்குடியில நான் அழுததும் இதுக்குத்தான். மலையைப் பார்த்த நிமிஷம் இது வேண்டாம்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சுபோச்சு. பிடிச்ச ஒண்ணை எரிச்சுட்டு வர்ற மாதிரி இருந்துச்சு.

இப்ப தம்பிக்கு

தம்பி, 2024 குரூப் 4-க்கு முதல்ல அறிவிச்சது 6,244 இடம். அப்புறம் கூட்டினாங்க. விண்ணப்பம் போட்டவங்க 20 லட்சத்துக்கும் மேல. அறிவிச்ச கணக்குப்படி ஒரு இடத்துக்கு 300 பேருக்கு மேல. அந்த 300 பேர்லயும் வேல் மாறல் படிச்சவங்க இருப்பாங்க, விரதம் இருந்தவங்க இருப்பாங்க. கிடைக்காத மத்தவங்களை எல்லாம் முருகன் கைவிட்டான்னு நான் நம்பலை. நீயும் நம்பாதே. வேல் மாறலை வேலைக்குக் கொடுக்கற அட்வான்ஸா நினைக்காம படிச்சுப் பாரு. அதை நீ எந்த வேலையில இருந்தாலும் படிக்கலாம்.

விடு, விடாதேன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்கு மதியம் அவன்கிட்ட மூணு விஷயம் கேட்டேன். மூணு பரீட்சையிலயும் எடுத்த மார்க், அந்தந்த வருஷம் உன் பிரிவுக்கு நின்ன கட்-ஆஃப், ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரம். தூரம் வருஷா வருஷம் குறையுதுன்னா, அது பிரப்பன்வலசைக் குழி மாதிரி, இன்னும் கொஞ்சம் உட்காரலாம். ஆனா கடைசித் தேதியை இப்பவே நோட்டுல எழுதி, வீட்டுல சொல்லிட்டு உட்காரு. தூரம் அப்படியே நிக்குதுன்னா, இல்ல கூடுதுன்னா, மலை அசையலைன்னு அர்த்தம். அப்படி இருந்தா இந்த வேலையில உனக்குப் பிடிச்சது என்னன்னு பிளந்து பாரு. சம்பளம் மாசா மாசம் வரும்ங்கிற நிம்மதியா, ஊர்லயே இருக்கலாம்ங்கிறதா, அப்பா முன்னாடி தலை நிமிர்ந்து நிக்கணுமா? அதுல ஒண்ணு ரெண்டு வேற வழியிலயும் கிடைக்கும்.

அவன் ரெண்டு நாள் பதிலே போடலை. நேத்து சாயங்காலம் மூணு மார்க் ஷீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கான். கீழ ஒரே ஒரு வரி: "அண்ணா, முதல் ரெண்டு வருஷ மார்க்கை வீட்ல கூட்டித்தான் சொல்லியிருந்தேன்."

சிவப்புப் பூ எனக்கு ஞாபகம் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலைல வடபழனி கோயில்ல சந்திக்கறோம். கூட அவன் அப்பாவையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்.

வேலும் மயிலும் துணை.